ஔவையும் அவ்வையும்: மகப்பெயரின் எழுத்து வடிவம் குறித்த ஓர் ஆய்வு

மகவுக்குப் பெயரிடுதல் நாவின் செயல். அப்பெயரைப் பதிவேட்டில் பொறித்தல் கையின் செயல். முன்னதைப் பெற்றோரும் சுற்றமும் செய்வர். பின்னதைப் பெரும்பாலும் பிறர் செய்வர். பெயர்க்கு ஒலியும் எழுத்தும் ஒவ்வொன்றேயாயின் இவ்விரு செயல்களுக்கும் இடையே வேற்றுமை எழ இடமில்லை. ஒலி இரண்டாகவோ எழுத்து மூன்றாகவோ அமையும் பெயராயின், மகவு எப்பெயரால் அழைக்கப்படுகின்றதோ அப்பெயராலேயே எழுதப்படும் என்பதற்கு உறுதியில்லை. இவ்வுறுதியின்மை எங்ஙனம் தோன்றுகின்றது, இலக்கணம் அதனை எவ்வாறு நோக்குகின்றது, பெயரிடுவார் எதனைக் கொள்ளுதல் தகும் என்பனவே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தவை.

ஆராய்ச்சி விரிந்து சிதறாமைப்பொருட்டு ஔகாரம் பயின்ற பெயர்களையே சிறப்பாக எடுத்துக்கொள்கின்றோம். ஔவை, கௌரி, கௌசல்யா, கௌதமன், சௌந்தரம் என்பன போன்றவை அவை. நிலமாகக் கள்ளக்குறிச்சியையும் கல்வராயன் மலையையும் கொள்கின்றோம். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய இந்நிலத்தில் திருக்கோவலூரும் அடங்கும். எழுத்து வடிவம் பலவாகிய பெயர்களுக்கு இந்நிலம் பல்லாற்றானும் இடமாக இருத்தலின் இத்தேர்வு செய்யப்பட்டதென்க.

1. நிலத்தின் பெயர்கள் காட்டும் நெறி

மக்கட்பெயரை ஆராயுமுன் இடப்பெயர் இரண்டனை நோக்குதல் பயனுடைத்து.

சங்கச் செய்யுட்களில் கோவல் எனவும் கோவலூர் எனவும் வழங்கிய மலையமான் திருமுடிக்காரியின் ஊர், பின்னர்த் திருக்கோவலூர் ஆயிற்று. இன்று திருக்கோவிலூர் எனவும் திருக்கோயிலூர் எனவும் எழுதப்படுகின்றது. கோவல் என்ற சொல்லின் பொருள் மக்களுக்கு மங்கியபோது, ஒலியால் அதனை ஒத்ததும் பொருளால் விளங்குவதுமாகிய கோவில் என்ற சொல் அதன் இடத்தைக் கவர்ந்தது. ஊரில் வீரட்டானமும் உலகளந்த பெருமாள் கோவிலும் சிறந்து விளங்குதலின் இம்மாற்றம் எளிதில் நிலைபெற்றது போலும். ஓர் எழுத்தின் திரிபு பெயரின் வரலாற்றையே மறைக்க வல்லது என்பதற்கு இவ்வூர்ப் பெயரே சான்றாகும்.

மலையின் பெயர் வேறொரு நெறியைக் காட்டுகின்றது. கல்வராயன் எனவும் கல்ராயன் எனவும் இருவகையாக அஃது எழுதப்படுகின்றது. இவ்விரண்டனுள் தமிழ் ஒலிமரபிற்கு இயைந்தது யாது? தொல்காப்பிய நூன்மரபின்படி லகரப் புள்ளியின் முன் க, ச, ப, ய, வ ஆகியவையும், தன்முன் தானாக லகரமும் வந்து மயங்கும், ரகரம் வாராது. ரகரம் மொழிக்கு முதலாகாமையின் இருமொழி புணரும்வழியும் லகரத்தின் முன் ரகரம் நிற்க இடமில்லை. ஆகவே கல்வராயன் என்பதில் உள்ள லகர வகர மயக்கம் விதியொடு பொருந்துவது. கல்ராயன் என்பதில் உள்ள லகர ரகர மயக்கம் பொருந்தாதது. ஆயினும் விரைந்து பேசுவார் நாவில் இடைநின்ற வகரவுயிர்மெய் கெட்டுக் கல்ராயன் எனவே ஒலிக்கின்றது. ஈண்டு வழக்கொலி ஒன்று, விதியொலி ஒன்று என இரண்டும் உள. இரண்டும் ஒரே மலையைக் குறித்தலின் இடர் பெரிதன்று. மலைக்குச் சான்றிதழ் வேண்டுவதில்லை. மகவுக்கு வேண்டும் என்பதே வேறுபாடு.

2. ஔவை என்னும் பெயர்

ஔவையார் பெயர் இந்நிலத்தோடு இரு வகையில் தொடர்புடையது. அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை வென்ற செய்தியை ஔவையார் புறநானூற்று 99-ஆம் பாட்டில் குறிக்கின்றார். பரணரும் அவ்வெற்றியைப் பாடினார் என்பது அப்பாட்டாலேயே அறியப்படும். இது சங்கச் சான்று. பாரி மகளிரைத் திருக்கோவலூரில் மணம் செய்வித்தவர் ஔவையார் என்பது பிற்காலக் கதை மரபு. அம்மகளிர்க்கு அங்கவை, சங்கவை என்ற பெயர்களைத் தந்ததும் அம்மரபே. சங்கப் பாடல்களில் அப்பெயர்கள் காணப்படவில்லை. ஔவை என்ற பெயரால் வழங்கிய புலவர் பல காலத்தும் இருந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் பலரும் உடன்பட்டது. சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் பாடியவர் ஒருவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் செய்தவர் வேறொருவர். இத்துணைப் பெருமைவாய்ந்த பெயரை இவ்வட்டாரத்துப் பெற்றோர் தம் மகளுக்கு இட விரும்புதல் இயல்பே.

வெள்ளிமலையில் பிறந்த பெண்மகவு ஒன்றற்கு இப்பெயரை இடக் கருதினார் ஒருவரை எண்ணிக்கொள்க. எழுதும்போது அவர்முன் மூன்று வடிவங்கள் நிற்கும்: ஔவை, அவ்வை, ஒளவை. முதலாவது நூல்களில் பயின்றது. இரண்டாவது ஒலித்தவாறு எழுதியது. மூன்றாவது, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து வைத்தது. கண்ணுக்கு முதலாவதே போலத் தோன்றுவது. இம்மூன்றும் ஒரு தன்மையனவா? அல்ல என்பதே எம் கருத்து. முதலிரண்டும் தம்முள் ஒத்த வடிவங்கள். மூன்றாவது வடிவமே அன்று, வழு. இதனை முறையே நிறுவுவாம்.

3. இலக்கணம் உடன்படும் இருமை

தொல்காப்பியர் மொழிமரபில், அகரமும் இகரமும் கூடி ஐகாரம்போல ஒலிக்கும் என்றும், அகரமும் உகரமும் கூடி ஔகாரம்போல ஒலிக்கும் என்றும் கூறினார். ஐகாரத்திற்கு மட்டும், அகரத்தின் பின் யகரப்புள்ளி வரினும் அவ்வொலி தோன்றும் என மேலும் ஒரு விதி வகுத்தார். ஔகாரத்திற்கு அங்ஙனம் வகரப்புள்ளியைக் கூறிற்றிலர். இவ்விடைவெளியை நிரப்பியவர் நன்னூலார். அவர் எழுத்தியலில், அகரத்தின்முன் உகரம் வரினும் வகரம் வரினும் ஔகாரத்தை ஒத்து ஒலிக்கும் எனக் கொண்டார். எனவே அவ்வை என்ற வடிவத்திற்கு வெளிப்படையான விதிச்சான்று நன்னூலிலேயே கிடைக்கின்றது. தொல்காப்பியத்தைக் காட்டி அதனை நிறுவ முயல்வாரும், அதனையே காட்டி மறுக்க முயல்வாரும் இந்நுட்பத்தை நோக்கினாரல்லர்.

யாப்பு நோக்கினும் இருவடிவும் ஒன்றே. ஔவை என்பதில் ஔ நேரசை, வை நேரசை, தேமா ஆயிற்று. அவ்வை என்பதில் அவ் நேரசை, வை நேரசை; அதுவும் தேமாவே. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பினும் சீர் சிதையாது. மொழிக்கு முதலில் நின்ற ஔகாரம் தன் இரண்டு மாத்திரையினின்றும் குறுகி ஒலிக்கும் என்பது ஔகாரக் குறுக்க விதி. அங்ஙனம் குறுகிய ஔகாரம் அவ் என்னும் ஒலிக்கு மேலும் அணித்தாகின்றது.

சொல்லின் பிறப்பை நோக்கின் அவ்வை என்ற வடிவம் இன்னும் வலுப்பெறும். அவ்வை என்பது தாயையும் முதியாளையும் குறிக்கும் முறைச்சொல். கன்னடத்தில் அவ்வ என்பது தாயையும், தெலுங்கில் அவ்வ என்பது பாட்டியையும் உணர்த்தும். இனமொழிகளில் இரட்டித்த வகரமே காணப்படுதலின், அவ் என்ற ஒலியே இச்சொல்லின் அடிநிலை என்றும், ஔ என்பது அவ்வொலியை எழுதும் மற்றொரு முறை என்றும் கொள்ளுதல் பொருந்தும்.

இவ்விருமையைக் குறையாகக் கருதுவார் உளர். தமிழிலக்கணம் அவ்வாறு கருதிற்றிலது. மக்கட்பெயர் வடிவம் மாறுதலை அது விதியாகவே தழுவிக்கொண்டது. ஆதன், பூதன் என்னும் இயற்பெயர்கள் தந்தை என்ற சொல்லொடு புணரும்போது ஆந்தை, பூந்தை என ஆகும் என்பதைப் புள்ளிமயங்கியல் கூறுகின்றது. பிசிராந்தையார் என்ற புலவர் பெயரில் அவ்வடிவத்தை இன்றும் காண்கின்றோம். தந்தையின் தந்தை பெயரைத் தாங்கியவன் பெயரன். அச்சொல் பேரன் என மருவியும் வழங்குகின்றது. பெயரைக் குறிக்கும் சொல்லே பெயர், பேர் என இரண்டாக இருக்கும் மொழியில், மக்கட்பெயர் ஒன்று இருவடிவு கொள்ளுதல் வியப்பன்று.

4. விதி செல்லாத இடம்

ஔகாரம் அவ் என்பதனோடு ஒக்கும் என்ற விதியைக் கொண்டு, ஔகாரம் வேண்டா என்றும் எங்கும் அவ் என்றே எழுதலாம் என்றும் கூறுவார் ஒருசாரார். பெரியார் ஈ. வெ. இராமசாமி 1935-ஆம் ஆண்டளவில் தொடங்கி வலியுறுத்திய எழுத்துச் சீர்திருத்தக் கருத்துகளுள், ஐகார ஔகாரங்களை அய், அவ் என எழுதுதலும் ஒன்று. கற்பார்க்கு எழுத்துச்சுமை குறைதல் வேண்டும் என்னும் அவர் நோக்கம் போற்றத்தக்கது. 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு சீர்திருத்தத்தை மேற்கொண்டபோது ணா, றா, னா, ணை, லை முதலாய 13 உயிர்மெய் வடிவங்கள் மாற்றம் பெற்றன. ஐகார ஔகாரங்களோ நெடுங்கணக்கில் நிலைத்துள்ளன. எனினும் அவ்விரண்டனையும் விலக்கி எழுதும் வழக்கு மக்கட்பெயர்களில் பெரிதும் பரவியுள்ளது. அய்யனார், அய்யப்பன் என்ற வடிவங்கள் ஐயனார், ஐயப்பன் என்பவற்றிற்கு இணையாக வழங்குகின்றன.

இக்கொள்கையை யாம் மக்கட்பெயர் அளவில் ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. ஔகாரத்தை அடுத்து வகரம் வந்தாலன்றி, அதனை அவ் என எழுதுதல் பெரும்பாலும் இயலாது. வகரப்புள்ளியின் முன் யகரமும், தன்முன் தானாக வகரமும் அன்றிப் பிற எழுத்து நின்று மயங்காது என்பது நூன்மரபின் விதி. ஔவை என்பதில் ஔகாரத்தின் பின் வகரம் நிற்றலின் அவ்வை என எழுத முடிந்தது. கௌரி என்பதிலோ பின் நிற்பது ரகரம். அவ் என்ற விதியை அப்படியே இயற்றின் கவ்ரி என ஆகும். அது தமிழ் மயக்கத்திற்கு ஒவ்வாது. ஆதலின் மக்கள் உகரம் ஒன்றை இடையே பெய்து கவுரி என்றனர். கௌதமன் கவுதமன் ஆனதும், சௌந்தரம் சவுந்தரம் ஆனதும் இவ்வாறே.

உகரம் புகுந்தவுடன் பெயரின் அசை மாறிவிடுகின்றது. கௌரி என்பது நேர் நேர், தேமா. கவுரி என்பது நிரை நேர், புளிமா. எனவே ஔவையும் அவ்வையும் ஒன்றாதல்போலக் கௌரியும் கவுரியும் ஒன்றாகா. அவை ஒரு பெயரின் இரு எழுத்து வடிவங்கள் அல்ல. ஒரு மூலத்தினின்றும் பிறந்த இரு ஒலி வடிவங்கள். இவ்வேற்றுமையை ஒருசாரார் கருதாமையின், எல்லாவற்றிற்கும் ஒரே விதி கூறி இடர்ப்பட்டனர்.

கல்வராயன் மலையின் வரலாற்றில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுண்டு. 1976-ஆம் ஆண்டில் சாகீர் முறை ஒழியுங்காறும் அம்மலைப் பகுதிகள் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்பார்தம் சாகீர்களாக இருந்தன. கவுண்டர் என்ற இச்சொல்லைக் கௌண்டர் என எழுதுவாரும் உளர். மக்கள் நாவில் வகர உகரம் தெளிவாக ஒலித்தலின் இங்கு உகரம் பெய்யப்பட்ட ஒன்றன்று; சொல்லின் உறுப்பே. கவுண்டர் என்பது புளிமா. கௌண்டர் என்பது தேமா. ஆகவே, கௌரியைக் கவுரி என்றல் ஒரு வகை மாற்றம் எனின், கவுண்டரைக் கௌண்டர் என்றல் அதற்கு எதிர்வகை மாற்றமாம். முன்னது எழுத்தினின்றும் நாவை நோக்கிச் சென்றது; பின்னது நாவினின்றும் எழுத்தை நோக்கித் தவறிச் சென்றது.

5. கவுரி இழிவழக்கா?

ஔகாரமே செம்மையான வடிவம், கவுரி, கவுதமன் என்பன நாளிதழ்கள் சிலவற்றால் பரவிய இழிவழக்கு என்பார் மற்றொரு சாரார். இதுவும் முழுதும் ஏற்றற்கு உரியதன்று.

ஐகாரத்தின் வரலாற்றை நோக்குக. வைரம் என்ற வடிவோடு வயிரம் என்ற வடிவும் பழைய நூல்களில் பெருவழக்கிற்று. யகரப்புள்ளியின் முன் ரகரம் மயங்காமையின் வய்ரம் என எழுதுதல் இயலாது. எனவே இகரம் இடைப்பெய்து வயிரம் என்றனர். வைரவன் வயிரவன் ஆனதும் அம்முறையே. வயிரமுத்து என்ற மக்கட்பெயரை இழிவழக்கு என யாரும் கூறார். வயிரத்திற்கு இகரம் செய்ததையே கவுரிக்கு உகரம் செய்தது. தொல்காப்பியர் அகரமும் உகரமும் கூடி ஔகாரம்போல ஒலிக்கும் என்றதும் இவ்வுகரத்திற்கு ஒருவாற்றான் அரணாகும். ஒன்றைப் பழமை நோக்கிப் போற்றி, மற்றொன்றைப் புதுமை நோக்கி இகழ்தல் ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கௌசல்யா என்ற பெயரைக் கம்பர் கோசலை என்றும், கௌசிகன் என்பதைக் கோசிகன் என்றும் ஆண்டார். ஔகாரத்தை ஓகாரமாக்கியும் இறுதியைத் தமிழாக்கியும் அவர் அமைத்த வடிவம், வடசொல் வடவெழுத்தின் நீங்கித் தமிழெழுத்தொடு புணர்தல் வேண்டும் என்ற எச்சவியல் நெறிக்கு இயைந்தது. இன்று கௌசல்யா, கவுசல்யா, கோசலை என்ற மூன்றும் பெற்றோர்முன் உள. மூன்றனுள் எதுவும் பிழையன்று. கோசலை என்று இடுவார் கம்பர் வழிச் சென்றவராவர். கவுசல்யா என்று இடுவார் மக்கள் நாவின் வழிச் சென்றவராவர். கௌசல்யா என்று இடுவார் வடமொழி மூலத்தை ஒட்டி நின்றவராவர். தேர்வு அவர்தம் உரிமை.

6. வழுவாவது யாது?

இங்ஙனம் பல வடிவங்களையும் தழுவிக்கொண்ட யாம், ஒளவை, கெளரி என்பவற்றை மட்டும் விலக்குதற்குக் காரணம் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

ஔகாரத்தின் வலப்புறத்து நிற்கும் குறி ளகரத்தை ஒத்த வடிவுடையது. பழைய அச்சுக்கோப்பில் அவ்விரண்டிற்கும் பெரும்பாலும் ஓர் அச்சே பயன்பட்டது. அச்சில் அதனால் தீங்கில்லை. படிப்பவர் ஔவை என்றே அறிந்து படித்தனர். ஏடெழுதுவார் புள்ளியிடாது எழுதிய காலத்தும் பழகிய சொல்லைப் பழக்கத்தால் உணர்ந்தனர். இன்றோ கணிப்பொறி எழுத்தின் வடிவத்தை நோக்குவதன்று. அதற்குரிய குறியெண்ணை நோக்குவது. ஒருங்குறியில் ஔகாரம் தனியெழுத்து, அதற்கு ஒரு குறியெண். ஒகரமும் ளகரமும் அடுத்து நிற்பின் அவை இரண்டெழுத்து, இரண்டு குறியெண். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். ஆயின் ஔவை எனத் தேடுவார்க்கு ஒளவை எனப் பதியப்பட்ட பெயர் அகப்படாது. அகரவரிசையிலும் இரண்டும் வெவ்வேறிடத்து நிற்கும்: ஒளவை ஒகர வரிசையில் ஓகாரத்திற்கு முன்னும், ஔவை ஓகாரத்திற்குப் பின்னும் அமையும்.

ஒலி நோக்கின் இவ்வழு இன்னும் தெளிவாகும். எழுத்தெண்ணிப் படிக்கும் சிறார் ஒளவை என்பதை ஒ, ள, வை என மூன்றாகப் பிரித்தும், கெளரி என்பதைக் கெ, ள, ரி என மூன்றாகப் பிரித்தும் படிப்பர். அங்ஙனம் படித்தல் அவர் பிழையன்று, எழுதினார் பிழை. ஒளவை, கெளரி என்னும் ஒலிகளால் எத்தாயும் தன் மகளை அழைத்ததில்லை. நாவில் இல்லாத ஒலியைக் காட்டும் எழுத்து, வடிவ வேற்றுமை எனப்படாது. வழு எனவே படும். ஔவை, அவ்வை என்ற இரண்டும் நாவில் உள. கௌரி, கவுரி என்ற இரண்டும் நாவில் உள. வழக்கையும் வழுவையும் பிரிக்கும் எல்லை இதுவே என்க.

7. விளியே அளவுகோல்

எழுத்து வடிவத்திற்கு அளவுகோல் நாவே எனின், எவர் நா என்ற வினா எழும். இதற்கும் தொல்காப்பியமே வழிகாட்டுகின்றது. சொல்லதிகாரத்தில் விளிமரபு என ஓர் இயலையே வகுத்து, பெயர் அழைக்கப்படும்போது எவ்வாறு திரியும் என்பதை ஆசிரியர் விரித்துரைத்தார். இகர ஈறு ஈகாரமாகும். ஐகார ஈறு ஆய் ஆகும். முறைப்பெயராயின் ஐகாரம் ஆகாரமாதலும் உண்டு. அணியார் விளிக்கும்போது பெயர் இயல்பாகவும் நிற்கும். சேய்மையில் உள்ளாரை அழைப்பின் மாத்திரை நீளும். ஒருவரை நோக்கிக் கூறப்படும்போதே பெயர் தன் முழுத்தொழிலைச் செய்கின்றது என்னும் கருத்து இவ்வியலின் அடியில் கிடக்கின்றது.

இதனைக் கொண்டு ஒரு சோதனை கூறலாம். பெயரிடக் கருதுவார் அப்பெயரை எழுதிப் பாராமல் முதற்கண் அழைத்துப் பார்த்தல் வேண்டும். தாமே அன்றி மகவின் பாட்டியும் அழைத்தல் வேண்டும். அண்மையிலும் சேய்மையிலும் அழைத்தல் வேண்டும். மலைச்சரிவில் ஓரிடத்து நின்று எதிர்ச்சரிவில் உள்ளாரை அழைக்கும் குரலில், கௌரீ என்பதற்கும் கவுரீ என்பதற்கும் உள்ள வேற்றுமை நன்கு கேட்கும். சேய்மை விளியில் உகரம் தெளிந்து ஒலிக்குமாயின் அப்பெயர் அக்குடும்பத்தில் கவுரி, ஒலியாதாயின் கௌரி. அவ்வை என்பதோ முறைச்சொல்லாதலின் விளியில் அவ்வாய் எனவும் அவ்வா எனவும் ஆகற்கு இயைபுடையது. எவ்வாறு விளிப்பினும் இரட்டித்த வகரமே கேட்கும். ஆதலின் அப்பெயரை அவ்வை என எழுதுதல் அழைப்பொலியை நேரே காட்டுவதாகும்.

8. பதிவேட்டின் ஆற்றல்

எவ்வாறு எழுதினால் என், ஆள் ஒருவரே அன்றோ என்பார் மூன்றாவது சாரார். முற்காலத்து இக்கூற்று ஒருவாறு பொருந்தியது. ஊரார் முகமறிந்து வாழ்ந்த காலத்தில் எழுத்து வேற்றுமையால் ஆள் மாறுபட்டதில்லை. இன்று நிலை வேறு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ், பிறப்பினை 21 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். மகவின் பெயரின்றியும் பிறப்பைப் பதியலாம். 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள்வரை காலத்தாழ்வுக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்க இடமுண்டு. 2023-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமோ, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளன்றும் அதன்பின்னும் பிறந்தார்க்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப்பணி முதலியவற்றிற்குப் பிறப்புச் சான்றிதழையே பிறந்த நாளுக்கும் இடத்திற்கும் சான்றாக்கிற்று. எனவே முதலில் எழுதிய எழுத்தே பின்வரும் எழுத்துகள் அனைத்திற்கும் மூலமாகின்றது.

இந்நிலையில், பிறப்புச் சான்றில் கௌரி, பள்ளிப் பதிவேட்டில் கவுரி, சாதிச் சான்றில் கெளரி என மூன்றாக எழுதப்பட்ட பெண், தான் ஒருத்தியே என்பதை நிறுவும் சுமையைத் தானே தாங்குகின்றாள். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர்க்கு இச்சுமை மிகுதி. கல்வி உதவிக்கும் இடஒதுக்கீட்டிற்கும் பழங்குடிச் சான்றையே அவர்கள் நம்பியிருத்தலின், ஓரெழுத்தின் வேற்றுமையும் அவர்களை மலையினின்றும் அலுவலகத்திற்குப் பன்முறை இறங்கச் செய்யும். அவர்தம் குடிப்பெயரே இவ்விடர்க்கு மறுதலையான எடுத்துக்காட்டு. மலையை ஆள்வார் என்ற பொருளில் அமைந்த மலையாளி என்னும் சொல், கேரளத்து மலையாள மொழியாரைக் குறிக்கும் சொல்லோடு எழுத்தால் ஒன்றாகி நிற்கின்றது. ஒரு பெயர்க்குப் பல எழுத்து வரினும் இடர். இருவேறு பெயர்க்கு ஓரெழுத்து வரினும் இடர்.

உரோம எழுத்தில் இச்சிக்கல் பெருகும். ஔகாரத்தை ஏ, யூ என்ற இரண்டெழுத்தாலும், ஓ, யூ என்பவற்றாலும், ஓ, டபிள்யூ என்பவற்றாலும் எழுதுகின்றனர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஏ, யூ என்பவற்றையே ஆண்டது. ஆயினும் மக்கள் வழக்கில் ஓ, டபிள்யூ என்பதும் பெருகியுள்ளது. கள்ளக்குறிச்சி என்ற ஊர்ப் பெயரே உரோம எழுத்தில் ககர இரட்டிப்பை இழந்தும், ளகர லகர வேறுபாடு தோன்றாமலும் நிற்கின்றது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கருத்து வேறுபாடுகள் எழவே அம்மாதத்திலேயே அதனைத் திரும்பப் பெற்றது. பேரரசாலும் எளிதில் திருத்த இயலாத ஒன்றைத் தனி மகள் ஒருத்தி பிற்காலத்தில் திருத்திக்கொள்ளட்டும் என விடுதல் அறமன்று.

9. துணிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படும்.

ஔகாரம் வகரத்திற்கு முன் நிற்பின், ஔவை, அவ்வை போல, இரு வடிவும் ஒலியாலும் அசையாலும் ஒன்றே. பிறவெழுத்திற்கு முன் நிற்பின், கௌரி, கவுரி போல, அவை இரு வேறு ஒலி வடிவங்கள். வயிரம் என்பதனோடு ஒப்பவைத்து நோக்கின் கவுரியும் இழிவழக்கன்று. ஒளவை, கெளரி என்பன எவ்வழக்கிலும் இல்லாத ஒலியைக் காட்டுதலின் வழு. ஔகாரம் எங்கும் வேண்டும் என்பாரும், எங்கும் வேண்டா என்பாரும் இவ்வேறுபாட்டைக் காணாது ஒருதலையாகக் கூறினர்.

பெயரிடுவார் அழைப்பொலியை முதலில் தெளிந்து, அதற்குரிய தமிழ் வடிவம் ஒன்றையும் உரோம வடிவம் ஒன்றையும் வரைந்துகொண்டு, பதிவுக்குச் செல்லும்போது அவ்வரைவைக் கையோடு கொண்டு செல்லுதல் வேண்டும். ஔகார வடிவத்தை விரும்புவார், பதிவேட்டில் இருப்பது ஔகாரமா, ஒகர ளகரமா என்பதைச் சான்றிதழ் பெறுமுன் ஆராய்தல் வேண்டும். அவ்வாய்வு இயலாதெனக் கருதுவார்க்கு அவ்வை என்ற வடிவமே சாலச் சிறந்தது. அதனால் புலவர் பெருமாட்டியின் பெயர்க்குக் குறைவு நேர்ந்துவிடாது. நன்னூலார் உடன்பட்ட வடிவம் அது.

எழுத்தறியாத பெற்றோர் பெயரை நாவால் கூறும்போது, எழுதுவார்க்கு உள்ள கடமையும் இதனால் விளங்கும். தாம் கற்ற வடிவத்தைத் திணித்தல் அவர் தொழிலன்று. கேட்ட ஒலியைக் கேட்டவாறு எழுதி, எழுதியதை மீளப் படித்துக் காட்டுதலே அவர் தொழில். கோவலூர் கோவிலூராயிற்று; அவ்வூர் அதனால் தளர்ந்திலது, பெயரின் பொருள் மட்டும் மறைந்தது. மகவுக்கு இடும் பெயரோ பெரும்பாலும் பாட்டன் பாட்டியரிடமிருந்து பெயரன் பெயர்த்தியர்க்கு வழிவழி வருவது. அவ்வழியின் நடுவே எழுதுவார் கை ஓரெழுத்தை மாற்றிவிடின், பாட்டி அழைத்த பெயர் ஒன்றும் பெயர்த்தி எழுதும் பெயர் ஒன்றுமாகும். அவ்வாறாகாமற் காத்தல் இலக்கணம் கற்றார்க்கும் உரிய கடன் என்பது எம் துணிபு.